வீங்கின காலையும் தசை என்கிறது எங்கள் மெஷின்

மதுரையில் பிசியோதெரபி மேற்படிப்பு படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "தீசிஸுக்குத் தசை அளவு எடுக்கணும். உங்க டிபார்ட்மென்ட்ல இருக்கிற பிஐஏ மெஷின் எப்படி? எங்க ஹெச்ஓடிகிட்ட சொல்லி ஒண்ணு வாங்க வைக்கலாமா?" பிஐஏ என்றால் உடம்பில் சிறு மின்சாரம் விட்டுத் தசை, கொழுப்பு, நீர் எவ்வளவு என்று கணக்குப் போடும் மெஷின். கேட்ட நேரம் சரியில்லை. அதன் கேபிள் பழுதாகி, சர்வீஸுக்குப் போய் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. பில்லைப் பார்த்த சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்களுடையது நோயாளியைப் படுக்க வைத்து மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப் மாட்டும் ரகம். பல அதிர்வெண்களில் அளக்கும். ஜிம்மில் ஏறி நின்று கைப்பிடியைப் பிடிக்கும் ரகம் எங்களுக்கு ஆகாது. பக்கவாதம் வந்தவர் நிற்கவே மாட்டார், அவர் கை விரல்கள் இறுக மூடிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்துக் கைப்பிடியில் வைப்பதற்குள் நமக்கே வேர்த்துவிடும். அந்த விஷயத்தில் இந்த மெஷினுக்கு முழு மார்க். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பத்து நிமிடம் மல்லாக்கப் படுக்க வைத்து, கைகள் உடம்பில் படாமல் விலக்கி, கிளிப் மாட்டினால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும். எக்ஸ்ரே வைத்துத் தசையையும் கொழுப்பையும் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் என்றால் ஸ்ட்ரெச்சர், வார்டு பாய், ரேடியாலஜி வரிசை என்று பாதி நாள் போய்விடும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த மெஷின் தசையைப் பார்ப்பதே இல்லை. உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்று மட்டும் அளக்கிறது. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் ஓடாது. தடையையும் உயரத்தையும் வைத்து உடம்பின் நீரைக் கணக்கிட்டு, கொழுப்பில்லாத உடம்பில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தில் மற்றதையெல்லாம் வருவிக்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு இந்தக் கணக்கு சரிப்படும். எங்கள் வார்டில் யாருக்கு அந்த 73 இருக்கிறது?

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், இடது பக்கம் விழுந்துபோனவர். டேப் வைத்து அளந்தால் இடது தொடை வலதைவிட 2 செ.மீ. சிறுத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வீக்கம், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாகத்தான் மேலே வருகிறது. மெஷின் அச்சடித்த தாளில் இடது காலில் வலது காலைவிட 300 கிராம் தசை அதிகம்! மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இந்தக் கால்தான் ஜாஸ்தி காட்டுது சார், அப்புறம் ஏன் நடக்க வரல?" என்றார். ராத்திரி முழுக்கக் காலை உயர்த்தி வைத்து, ஸ்டாக்கிங் போட்டு, மறுநாள் காலை திரும்ப எடுத்தோம். அரைக் கிலோவுக்குச் சற்று மேலே 'தசை' காணாமல் போயிருந்தது.

அரைக் கிலோ என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஆசிய சார்கோபீனியா (வயதாவதால் வரும் தசைக்குறைவு) பணிக்குழுவின் 2019 அளவுகோல்படி, பிஐஏ முறையில் கை கால் தசையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆணுக்கு 7.0, பெண்ணுக்கு 5.7, அதற்குக் கீழே போனால் தசை குறைவு. நம் கண்டக்டர் முதல் நாள் 7.1, மறுநாள் 6.9. தசை குறைந்தவர்களைச் சேர்க்கும் ஆய்வு என்றால், ஒரு தலையணையின் உயரத்தில் அதற்குள்ளே வந்துவிட்டார். இன்னொன்று, அதே குழு டெக்ஸாவில் எடுத்தால் பெண்ணுக்கு 5.4 என்கிறது. 5.5 வந்த அம்மாவுக்குத் தசைக்குறைவு இருக்கிறதா இல்லையா என்பது எந்த ரூமில் படுக்க வைத்தோம் என்பதைப் பொறுத்தது.

ஆய்வு செய்கிறவர்கள் இதைவிடப் பெரிய சிக்கலைக் கவனிக்க வேண்டும். நோயாளி தேறத் தேற, எழுந்து நடக்க நடக்க, கால் வீக்கம் வடியும். மெஷின் அதைத் தசை குறைந்ததாக எழுதும். பிடிவலு ஏறுகிறது, நாற்காலியிலிருந்து எழுவது வேகமாகிறது, தாளில் மட்டும் தசை இறங்குகிறது. நீங்கள் கொடுத்த பயிற்சியால் தசை கரைந்தது என்று தீசிஸ் எழுதினால் வைவாவில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், நீர் கோத்திருப்பது மெஷினுக்கே தெரியும். குறைந்த அதிர்வெண் மின்சாரம் செல் சவ்வைத் தாண்டாது, வெளியில் உள்ள நீரில் மட்டும் ஓடும். உயர் அதிர்வெண் உள்ளேயும் புகும். இரண்டையும் வைத்து மொத்த நீரில் செல்லுக்கு வெளியே இருப்பது எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. 0.38 பக்கம் இருந்தால் பரவாயில்லை, 0.39ஐத் தாண்டினால் உஷாராக வேண்டும். கண்டக்டரின் இடது காலுக்கு 0.40க்கு மேல் இருந்தது. எங்கே போட்டிருந்தது? தாளின் அடியில், பொடி எழுத்தில். மேலே தடித்த எழுத்தில் பச்சைப் பட்டையோடு 'நார்மல்'. திருடன் வந்ததைப் பார்த்துவிட்டு விருந்தாளி என்று ரிஜிஸ்டரில் எழுதும் வாட்ச்மேன் போல.

சமன்பாடு கம்பெனி ரகசியம் என்பது அடுத்த வயிற்றெரிச்சல். எந்த ஊர் உடம்புகளை வைத்துப் போட்ட சமன்பாடு என்று கேட்டால் பதில் இல்லை. ஊருக்கு ஊர் உடம்பு மாறும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, உடல் கொழுப்பு மட்டும் ஒருவருக்கு 21.2 சதவீதம், மற்றவருக்கு 9.1. அதிகம் யாருக்கு என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு திட்டினாலும் ஒரு விஷயத்துக்காக இதை விட மனசு வரவில்லை. ஃபேஸ் ஆங்கிள். வாங்கும்போது நான் கண்டுகொள்ளவே இல்லை. 50 கிலோஹெர்ட்ஸில் மின்தடைக்கும் செல் சவ்வு தரும் ரியாக்டன்ஸுக்கும் உள்ள உறவை ஒரு கோணமாகச் சொல்வது. இதற்கு எடையும் வேண்டாம், உயரமும் வேண்டாம், ரகசியச் சமன்பாடும் வேண்டாம். கூன் விழுந்த பாட்டிக்கு உயரம் அளக்கிற கூத்து மிச்சம். கால் வீங்கினால் இந்தக் கோணம் குறையும், ஆள் தேறினால் ஏறும். தசை இத்தனை கிலோ என்று சொல்லாது, ஆனால் தப்பான பக்கம் கை காட்டாது.

ஆக, வாங்கலாமா? நேர்த்தி, வேகம், படுத்த நோயாளிக்கு ஏற்ற வடிவம் எல்லாம் அருமை, இருந்தாலும் தீசிஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். கையின் பிடிவலுவை அளக்க ஒரு நல்ல கிரிப் டைனமோமீட்டர், ஒரு டேப், ரேடியாலஜியில் யாரையாவது சிநேகம் பிடித்து அல்ட்ராசவுண்டில் தொடைத்தசை தடிமன் போதும். ஐசியு நோயாளிகளுக்குத் தொடைத்தசையின் குறுக்குப் பரப்பு பத்து நாளில் 17.7 சதவீதம் குறைவதை 2013இல் லண்டன் குழு காட்டியதும் அல்ட்ராசவுண்டில்தான். எங்கள் மெஷினை யாராவது வேறு டிபார்ட்மென்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வந்தால் சண்டைக்கு நிற்பேன், அது வேறு.

வாங்கியே தீருவேன் என்றால் டெமோ காட்ட வருபவரிடம் அவர் ஆளையே படுக்க வைக்க விடாதீர்கள். கால் வீங்கிய நோயாளி ஒருவரைக் காட்டுங்கள். ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ் எண்களை அப்படியே எக்செலில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். "அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும் சார்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.