செசாரோ பொம்மை: எல்லாம் இருக்கிறது, சாம்பியன் பெல்ட் மட்டும் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் ஆள் தனக்காக வாங்கிக்கொண்ட பொம்மையைப் பற்றிய விமர்சனம். அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அவன் பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

பொம்மை மேட்டல் கம்பெனியுடையது. டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லர்களின் பொம்மைகளை அவர்கள் 2010-லிருந்து செய்கிறார்கள். பேசிக் என்று மலிவான வரிசை ஒன்று, எலைட் என்று விலை கூடிய வரிசை ஒன்று. நான் வாங்கியது எலைட் வரிசையில் சுவிட்சர்லாந்து ரெஸ்லர் செசாரோ. பழைய வெளியீடு என்பதால் கடையில் கிடைக்காது, ஆன்லைனில் பழைய பொம்மைகளை விற்கிற ஒருவரிடம் 2,300 ரூபாய் கொடுத்தேன், கூரியர் தனி. 'பெட்டி பிரிக்காதது' என்று சொல்லித்தான் விற்றார். வந்து பார்த்தால் பிரித்து, செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கேட்டதற்கு, "ஒரு தடவை திறந்து பார்த்தேன் சார், அவ்வளவுதான்" என்கிறார். ஒரு தடவை பார்த்ததில் முழங்கை பெயிண்ட் எப்படி உரிந்தது என்று கேட்கவில்லை. செசாரோவின் அடையாளமே கீழிருந்து மேலே முழங்கையை வீசி அடிக்கிற அப்பர்கட்தான், அதில் உரிந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முகம் நன்றாக வந்திருக்கிறது. மொட்டைத் தலை, அகன்ற தோள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி ஒரு பார்வை. 'ஆளுக்குக் கவர்ச்சி இல்லை' என்று காலமெல்லாம் சொன்னார்களே, அதைப் பொம்மை செய்தவரும் கேட்டிருப்பார் போல. மூட்டுகள் அருமை. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாமே திரும்புகின்றன, மார்புக்குக் கீழேயும் ஒரு மடிப்பு இருப்பதால் குனிந்து தூக்குகிற மாதிரி வைக்க முடிகிறது. அதற்காகத்தான் வாங்கினேன்.

எண்பது தொண்ணூறுகளில் பிறந்தவர்களுக்கு ரெஸ்லர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாட்டு ஞாபகம் இருக்கும். உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் என்று வரிசையாக எண்கள் போட்டிருக்கும், எடை என்று கேட்டால் குண்டர்கள் ஜெயிப்பார்கள். செசாரோ அந்தக் கார்டில் வந்திருந்தால் தோற்றுக்கொண்டே இருந்திருப்பார். அறிவிப்புப்படி ஆறடி ஐந்து அங்குலம், 232 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 105 கிலோ. அந்த உலகத்தில் இது நடுத்தரம். எத்தனை கிலோவைத் தூக்குவார் என்று கார்டில் ஒரு கட்டம் இருந்திருந்தால் மட்டும் கதை வேறு.

2013 அக்டோபர் 6, பேட்டில்கிரவுண்ட் என்ற நிகழ்ச்சி. எதிரே நம்ம ஊர் கிரேட் காலி, ஏழடிக்கு மேல், அறிவிப்பு எடை 347 பவுண்டு. செசாரோ அவருடைய இரண்டு கால்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ராட்டினம் மாதிரி சுழற்றினார். ஜெயன்ட் ஸ்விங் என்பார்கள். கூட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடும், வில்லனாக வந்தவருக்கே கைதட்டு விழும். காலி நடப்பதற்கே சிரமப்படுகிற ஆள், அவரைக் காற்றில் சுற்றிய அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு ஆறு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், டபிள்யூடபிள்யூஇ-யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 30. பழைய ஜாம்பவான் ஆந்த்ரே தி ஜெயன்ட் பெயரில் முதன்முதலாக நடந்த பேட்டில் ராயல், அதாவது பலர் ஒன்றாக ஆடி, கயிற்றுக்கு மேலே வெளியே விழுந்தவர் அவுட். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர், செசாரோவும் பிக் ஷோவும். ஏறக்குறைய இருநூறு கிலோ பிக் ஷோவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, கயிற்றுக்கு மேலே வெளியே போட்டார். 1987-இல் ஆந்த்ரேயை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய படம், அதை அப்படியே நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு காட்சி. அன்று நிகழ்ச்சியைத் தொகுத்தவரும் ஹோகனே. யார் ஜெயிப்பது என்பதைக் கம்பெனிதான் முன்கூட்டியே முடிவு செய்யும், ஒருவரை அடுத்த நட்சத்திரம் ஆக்க வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய மேடை போட முடியாது.

போட்டார்கள், மறுநாளே பிரித்தும் விட்டார்கள். எப்படி என்று சொல்கிறேன். செசாரோவுக்குப் பேச்சு வராது என்பதால் பேச்சில் கில்லாடியான பால் ஹேமனை அவருக்கு மேனேஜராக்கினார்கள். காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் அதே ரெஸில்மேனியாவில்தான் ஹேமனின் இன்னொரு ஆளான பிராக் லெஸ்னர் அண்டர்டேக்கரின், ரெஸில்மேனியாவில் தோல்வியே காணாத வரலாற்றை முடித்துவைத்திருந்தார். ஹேமன் ஒவ்வொரு வாரமும் மைக்கைப் பிடித்து லெஸ்னர் புராணத்தைத்தான் பாடினார். பக்கத்தில் செசாரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கூட்டம் கைதட்டத் தயாராக இருந்த ஆளை மறுபடி வில்லனாகவும் ஆக்கியாயிற்று. சில மாதங்களில் அந்தக் கூட்டும் சத்தமில்லாமல் முடிந்தது.

அந்த டிசம்பரில் முன்னாள் ரெஸ்லர் ஸ்டீவ் ஆஸ்டினின் பாட்காஸ்டில் அப்போதைய டபிள்யூடபிள்யூஇ தலைவர் வின்ஸ் மக்மேனிடம் செசாரோவைப் பற்றிக் கேட்டார்கள். ரசிகர்களோடு ஒட்டவில்லை, கவர்ச்சியும் பேச்சும் போதவில்லை என்றார். ஒருவேளை சுவிட்சர்லாந்துக்காரர் என்பதால் இருக்குமோ என்றும் ஒரு வார்த்தை விட்டார். கம்பெனி முதலாளி! தன் சரக்கைத் தானே 'ஓடாது' என்று சொல்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பேச்சு விஷயத்தில் என் கருத்தையும் சொல்கிறேன், செசாரோ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. லூசெர்னில் பிறந்த அவருக்கு ஐந்து மொழி தெரியும். 2012-இல் வந்த புதிதில் ஒரே வார்த்தையை ஐந்து மொழியிலும் சொல்லிக்காட்டுவதுதான் அவருடைய வழக்கம். அப்படிப்பட்டவரைப் பேசத் தெரியாதவர் என்பது வேடிக்கைதான். ஆனாலும் மொழி தெரிவது வேறு, மைக்கைப் பிடித்து அரங்கத்தை எழுப்புவது வேறு. இரண்டாவது அவருக்குச் சுமாராகத்தான் வந்தது. சரி, அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? 2013-இல் கொஞ்ச நாள், சுவிஸ் மலைக்காரர்கள் குரலை ஏற்றி இறக்கிப் பாடுகிற யோடலைப் பாடிக்கொண்டே மேடைக்கு வரவைத்தார்கள். யோடல்!

பொம்மைக்கு வருகிறேன். என்னிடம் ஏற்கெனவே பிக் ஷோ இருக்கிறது. தூக்கவைத்துப் பார்த்தேன். இரண்டு கைகளையும் நீட்டி, ஷோவைக் குறுக்கே படுக்கவைத்து, செசாரோவின் கணுக்காலைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் நிற்கிறார். பத்து நிமிடம் ஆனது, நின்றபோது நான் போட்ட சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸ்விங் இன்னும் சுலபம், கால்களை அக்குளில் செருகினால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இவரைத் தனியாக ஷெல்ஃபில் நிற்கவைத்தால் எடுபடவே இல்லை. பக்கத்தில் ஜான் சீனா பொம்மை சும்மா நின்றாலே கண் அங்கே போகிறது. செசாரோவின் கையில் இன்னொருவர் இருந்தால்தான் அவருக்கே உயிர் வருகிறது.

இதுதான் அவருக்கு வினையாகவும் போனது என்று நினைக்கிறேன். எதிரில் யாரை நிறுத்தினாலும் ஆட்டம் நன்றாக இருக்கும். 2013-இல் புதியவர்களுக்கான என்எக்ஸ்டி நிகழ்ச்சியில் சாமி ஸேனோடு, 2015-இல் ரா என்ற வாராந்திர நிகழ்ச்சியில் சீனாவோடு ஆடியதெல்லாம் இன்றைக்கும் பார்க்கலாம். ஆகவே மற்றவர்களை நன்றாகக் காட்டுகிற வேலை அவருக்கே விழுந்தது. பந்தி பரிமாறத் தெரிந்தவனைக் கடைசிப் பந்தி வரைக்கும் உட்காரவே விடமாட்டார்கள், உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். விதியும் சேர்ந்துகொண்டது. டைசன் கிட்டோடு டேக் டீம் என்கிற இருவர் ஜோடி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2015-இல் கிட்டுக்குக் கழுத்தில் பலத்த அடி, அதோடு அவருடைய ஆட்டமே முடிந்தது. அதே ஆண்டு இவருக்குத் தோள் போனது. அப்புறம் ஷேமஸோடு சேர்ந்து 'தி பார்', டேக் டீம் பட்டங்கள் ஐந்து. 2017 செப்டம்பரில் நோ மெர்சி ஆட்டத்தின் நடுவே முன்பற்கள் இரண்டும் ஈறுக்குள்ளேயே ஏறிவிட்டன, வாயில் ரத்தத்தோடு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் போனார்.

ரெஸில்மேனியாவில் ஒண்டிக்கு ஒண்டியாக முதல் ஆட்டம் கிடைத்தது எப்போது தெரியுமா? 2021 ஏப்ரலில், சேத் ராலின்ஸோடு. அப்போது அவருக்கு நாற்பது வயது. டாம்பா மைதானத்தில், கொரோனாவுக்குப் பிறகு திரும்பிவந்த கூட்டத்துக்கு முன்னால் ராலின்ஸை இருபது சுற்றுக்கு மேல் சுழற்றி ஜெயித்தார். அடுத்த மாதமே பேக்லாஷில் ரோமன் ரெயின்ஸோடு உலகப் பட்டத்துக்கான ஆட்டம். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த அந்த ஆட்டத்தில், கொரோனாவால் மறுபடி அரங்கில் ஓர் ஆள் இல்லை, சுற்றிலும் எல்இடி திரைகளில் வீட்டிலிருந்து பார்க்கிற முகங்கள் மட்டும். கழுத்துப் பிடியில் மயங்கினார், தோற்றார். மறுபடி அந்த வாய்ப்பு வரவில்லை. 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

அதே ஆண்டு ஜூனில் சிகாகோவில், கிளாடியோ காஸ்டக்னோலி என்ற சொந்தப் பெயரோடு, போட்டிக் கம்பெனியான ஏஇடபிள்யூ மேடையில் வந்து நின்றார். அடுத்த மாதம், டபிள்யூடபிள்யூஇ-க்கு வருமுன் அவர் ஆடிய ரிங் ஆஃப் ஹானர் கம்பெனியின் உலகப் பட்டம். வளர்ந்த வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் பட்டம் வாங்கியது, இனி என்ன குறை என்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் 2014-இல் பிக் ஷோவைத் தூக்கிய அந்தக் கையைப் பார்த்தவனுக்கு இது வட்டி மாதிரிதான் இருக்கிறது, அசல் இன்னும் வரவில்லை.

வாங்கலாமா? தாராளமாக. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பழையது வாங்கினால் தோள் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், தளர்ந்திருந்தால் யாரையும் தூக்காது. இன்னொன்று, கனமான பொம்மை ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும். பெல்ட் கிடையாது, வேண்டுமென்றால் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன், குறைந்த ஒன்று விற்றவருக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் எல்லாப் பொம்மைகளையும் தரையில் பரப்பிப் போட்டி நடத்தினான். செசாரோதான் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனார். சீனாவைச் சுற்றினார், பிக் ஷோவைச் சுற்றினார், பக்கத்தில் கிடந்த கரடிப் பொம்மையைக்கூட விடவில்லை. கடைசியில் ரோமன் வந்து ஒரே அடியில் அவரைச் சாய்த்துவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார். ஏன்டா, இவ்வளவு பேரைத் தூக்கினவருக்குப் பெல்ட் கிடையாதா என்று கேட்டேன்.

"மாமா, ரோமன்தான் சாம்பியன். இவர் சுத்தறவர்" என்றான்.