துய்னாவும் ஷியாட்சுவும்: இறுகிய தோளுக்கு நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன்

சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியராகப் பதினோரு வருடம் குழந்தைகளைத் தூக்கி இறக்கிய என் வலது தோள், போன வருடம் ஒருநாள் காலையில் மேலே போக மறுத்துவிட்டது. தலை பின்னக் கை எட்டவில்லை. பலதுறை மருந்தகத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தோள்மூட்டு இறுகியிருக்கிறது, பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். பயிற்சி செய்துகொண்டே யாரிடமாவது பிடித்துவிடச் சொல்லலாம் என்று தேடியபோது, ஒரு தோழி ஜப்பானியர்களின் அழுத்திவிடும் முறையான ஷியாட்சு என்றாள், கூட வேலை செய்யும் சீன அக்கா சீன மருத்துவத்தின் பிடித்துவிடும் முறையான துய்னா என்றார். இரண்டுக்கும் போனேன். இப்போது துய்னாவில்தான் இருக்கிறேன், அதனால் இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உடம்பில் 'ச்சி' என்ற உயிர்சக்தி ஓடுகிறது, அது ஓடும் பாதைகள் முக்கியமானவை பன்னிரண்டு, முன்நடுவிலும் முதுகுநடுவிலும் ஓடும் இரண்டையும் சேர்த்தால் பதினான்கு, அவற்றின்மேல் 361 புள்ளிகள். "ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை" என்பது சீன மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லும் வாக்கு, துய்னா முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. யின்-யாங் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். ஐந்து மூலகங்களை மட்டும் நம் பஞ்சபூதத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அவர்கள் கணக்கில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் அந்த ஐந்தில் இல்லை.

முதலில் போனது ஷியாட்சுவுக்கு. ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். இதிலேயே இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. தொக்குஜிரோ நாமிகோஷி 1940இல் தொடங்கிய பள்ளியின் வழியில் பாதைக் கணக்கைவிடத் தசை, நரம்பு, எலும்பு என்ற உடற்கூறுதான் முக்கியம். ஷிசுதோ மசுனகா வகுத்த வழியில் சீன மருத்துவத்தின் பாதைகள் மறுபடி நடுவுக்கு வந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்த்து எது வெறுமையாக இருக்கிறது, எது நிரம்பி வழிகிறது என்று கண்டுபிடித்து, வெறுமையான இடத்துக்குத்தான் அவர்கள் அதிக நேரம் கொடுப்பார்கள். நான் போனவர் இந்த இரண்டாவது வழிக்காரர். தரையில் மெத்தை, உடை மாற்ற வேண்டாம், எண்ணெய் கிடையாது. உடம்பின் பாரத்தை மெல்லச் சாய்த்து, கட்டைவிரலை நேர்க்குத்தாக வைத்து, அப்படியே நிற்பார். அவசரமே இல்லை. ஒருமணி நேரத்தில் என் தோளை அவர் தொட்டது பத்து நிமிடம் இருக்கும், மீதி நேரம் கால், இடுப்பு, வயிறு. எழுந்தபோது மழை விட்ட தெருவில் நடப்பதுபோல் இருந்தது, அன்று இரவு தூக்கமும் நன்றாக வந்தது. ஆனால் மூன்றாம் நாள் தோள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் அதே கதை.

அப்புறம்தான் சீன அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தோ பாயோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளம், வாசலில் மருந்து வேர்களின் வாசனை. சின்சே, அதாவது சீன மருத்துவர், அறுபது வயதைத் தாண்டிய அம்மா. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் "லாவ்ஷி, நாக்கைக் காட்டுங்கள்" என்றார். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், வகுப்பறையில் குளிர்சாதனக் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று கேட்டார். நேர் பின்னாலிருந்து, வலது தோள்மேல் என்றேன். காற்று, குளிர், ஈரம் மூன்றும் சேர்ந்து பாதையில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். எங்கள் பாட்டி 'வாய்வு பிடிச்சிருக்கு, குளிர் இறங்கியிருக்கு' என்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்று எனக்குப் பட்டது.

'துய்' என்றால் தள்ளு, 'நா' என்றால் பிடி. ஆனால் என் தோளில் அவர் முதலில் செய்தது உருட்டல். தோள்மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டு, கையைத் தளரவிட்டு, சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையைத் தோளில் வைத்து முன்னும் பின்னும் உருட்டினார். சப்பாத்திக் கட்டை உருளுவதுபோல, ஆனால் தேய்ப்பதே இல்லை. புறங்கை தோலோடு ஒட்டியே இருக்கும், உள்ளே இருக்கும் சதைதான் அசையும். நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை என்பது பாடக்கணக்கு, அந்த அம்மா பத்து நிமிடம் தாளம் தப்பாமல் உருட்டினார். இந்த உருட்டலை ஒரு முறையாக வகுத்தவர் ஷாங்காயின் திங் ஜிஃபெங், 1940களில். ஐந்தாவது நிமிடத்தில் ஆழத்திலிருந்து சூடு கிளம்பியது. அதன்பிறகு கட்டைவிரலால் தேடிக்கொண்டே வந்து ஓர் இடத்தை அழுத்தியதும் நான் "ஆ!" என்றேன். அந்த இடத்துக்குப் பெயரே 'ஆ-ஷி', 'ஆ, அதுதான்' என்று பொருளாம். 361இல் சேராத, வலி தானே காட்டிக்கொடுக்கும் புள்ளி. சீனாவில் தாங் அரசர்கள் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ் 7ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

சரி, எனக்கு முடிவைத் தீர்த்தது இதுவும் இல்லை. படுக்கையைவிட்டு எழுந்த பிறகு, அடுத்த தடவை போகும்வரை உள்ள நாட்களை என்ன செய்வது என்பதுதான் தீர்த்தது. இந்த மாதிரி வலிக்கு ஒரு தடவை போனால் தீராது, வாரக்கணக்கில் போகவேண்டும், நடுவில் நாம்தான் தோளைக் காப்பாற்றிக்கொண்டு வரவேண்டும். ஷியாட்சுவில் எனக்குக் கிடைத்த நன்மை முழுக்க அந்த மனிதரின் உடல்பாரத்திலும் பொறுமையிலும் இருந்தது, அதை நான் வீட்டுக்கு எடுத்துவர முடியவில்லை. சின்சே முதல் நாளே என் கையில் மூன்று புள்ளிகளைக் கொடுத்து அனுப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள மேடு ஒன்று. பின்கழுத்தில் மண்டையோடு முடியும் இடத்துப் பள்ளம் ஒன்று. மூன்றாவதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சரிபாதியில், முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே. பெயர் தியாவ்கோவ். காலில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே தோளைச் சுற்றச் சொன்னார். தோளுக்கும் முழங்காலின் கீழுக்கும் என்ன சம்பந்தம் என்றால், வயிற்றுப் பாதை முகத்தில் தொடங்கி, காறையெலும்பின் மேலுள்ள குழியில் இறங்கி, காலின் முன்பக்கமாகப் போகிறது, ஓரிடத்து அடைப்பைத் தூரத்திலிருந்து திறப்பது அவர்கள் முறை. விளக்கம் எப்படியோ போகட்டும், அழுத்திக்கொண்டு சுற்றும்போது எனக்கு ஒரு சாண் அதிகமாகவே கை உயர்ந்தது.

அளக்கிற விதமும் எனக்குப் பிடித்தது. நோயாளியின் சொந்தக் கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்', நான்கு விரல் சேர்ந்தால் மூன்று. நம் வர்மத்தில் விரற்கடை கணக்கு இருக்கிறதே, அதேதான். என் உடம்புக்கு என் விரலே அளவுகோல் என்பதால் படம் பார்த்துத் தேடவேண்டியதில்லை. பள்ளியில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் செய்வேன். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை போனது, பிறகு ஒன்றாகி, இப்போது மாதம் ஒரு தடவை. அரைமணிக்கு 55 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஷியாட்சு ஒருமணிக்கு 120 வெள்ளி கொடுத்தேன், மூன்றாம் நாள் மறுபடி என்றால் எனக்குக் கட்டுப்படியாகாது.

ஷியாட்சுவுக்கு நியாயமும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது ஒரே ஒருவரை, நான்கே தடவை. நாமிகோஷி வழியில் தனக்குத்தானே செய்துகொள்ளும் அழுத்தமும் உண்டு, மசுனகாவும் பயிற்சிகள் வகுத்திருக்கிறார். வேறொருவரிடம் போயிருந்தால் இந்தப் பக்கத்தை நான் வேறுமாதிரி எழுதியிருக்கலாம். இறுகிய தோள், ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்குத் தானே தளரும், ஆகவே என் கை உயர்ந்ததில் துய்னாவுக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு, காலத்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சின்சே சொல்லும் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்து யாரும் குழாய்போலக் கண்டதில்லை. நான் அதை ஒரு வரைபடமாக எடுத்துக்கொள்கிறேன், கையை எங்கே வைப்பது என்று காட்டும் வரைபடம்.

துய்னா வலிக்கும். இரண்டாம் தடவை தோளில் நீலம் பாரித்தது, சொன்னதும் அழுத்தத்தைக் குறைத்தார். கழுத்தைச் சடக்கென்று திருப்பி ஒடிக்கிற உத்தியும் அதில் உண்டு, அதை நான் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்லிவிடுங்கள், கழுத்து ரத்தக்குழாய்க்கு ஆபத்து. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகவேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கட்டைவிரல் மேட்டுப் புள்ளியும் தோள் உச்சிப் புள்ளியும் ஆகாது என்பது சீன மருத்துவத்தின் பழைய விதி. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, பதிவு பெற்றவரா என்று இணையத்தில் பெயர் போட்டுப் பார்த்துவிட்டே போங்கள்.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, தூக்கம் வருவதில்லை, தொட்டாலே வலிக்கிறது என்பார். அவரை நான் ஷியாட்சுவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மெத்தையிலேயே தூங்கிவிட்டார், ஷியாட்சு செய்தவர் முடித்த பிறகும் கால்மணி நேரம் அம்மாவை எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.