ஒரே ஆய்விதழ், இரண்டு வாசல்கள்

சேர்வராயன் மலையில் உள்ள, அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் படிவுகளைப் பற்றிச் சேலத்தில் ஆய்வு செய்யும் எங்கள் குழு, வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் ஆய்விதழுக்கு இரண்டு கட்டுரைகளை அனுப்பியது. ஒன்று வழக்கமான இதழுக்கு, மற்றொன்று ஒரே பொருளில் கட்டுரைகளைத் தொகுக்கும் சிறப்பிதழுக்கு. இதழின் பெயரும் கட்டணமும் ஒன்றே. கிடைத்த சேவை ஒன்றல்ல.

கட்டுரையைத் தளத்தில் ஏற்றுவது இரண்டிலும் எளிது. வழக்கமான பிரிவில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும், சக ஆய்வாளர்களிடமிருந்து வந்த மதிப்புரைகள் உழைத்து எழுதப்பட்டவை. ஏற்காட்டில் எடுத்த மாதிரிகளில் செம்புரைக்கல்லான லேட்டரைட் எங்கே முடிந்து பாக்சைட் எங்கே தொடங்குகிறது என்பதற்குக் குறுக்குவெட்டுப் படம் வேண்டும் என ஒரு மதிப்பாய்வாளர் கேட்டார். அதை வரைந்த பிறகே எங்கள் முடிவுகள் உறுதிப்பட்டன. இந்தப் பிரிவை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

சிறப்பிதழுக்கோ அழைப்பு மின்னஞ்சலிலேயே வந்தது. சில நாட்களில் கிடைத்த மதிப்புரைகள், எந்தக் கட்டுரைக்கும் பொருந்தக்கூடிய இரண்டு மூன்று வரிகளோடு, எங்கள் ஆய்வுக்குத் தொடர்பே இல்லாத சில கட்டுரைகளை மேற்கோள் காட்டுமாறு கேட்டன. அழைத்தவரும் மதிப்பாய்வாளர்களைத் தேர்ந்தவரும் ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்பவரும் அந்தத் தொகுப்புக்கு மட்டும் பொறுப்பான அதே சிறப்பாசிரியர்தான் என்பதும், இதழின் நிலையான ஆசிரியர் குழு இடையில் எங்குமே வரவில்லை என்பதும்தான் எனக்குக் கவலை அளித்தன. 2021இல் வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகம், 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது; பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. நேர்மையாக உழைத்த ஒரு முனைவர் பட்ட மாணவரின் கட்டுரை அத்தகைய தொகுப்பில் சிக்கினால், அந்தச் சந்தேகத்தின் நிழல் அவர் மீதும் விழும்.

சிறப்பிதழ் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் போன்ற ஒரு பொருளில் பல ஆய்வுகளை ஒரே இடத்தில் படிக்கக் கிடைப்பது பெரும் பயன். ஆனால் சிறப்பாசிரியரின் சொந்தக் கட்டுரைகள் அந்தச் சிறப்பிதழின் மொத்தக் கட்டுரைகளில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அவற்றை வேறொருவர் தனியே கையாள வேண்டும் என்று திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜே விதித்துள்ளது. இவ்விதழின் தளத்தில் அப்படிப்பட்ட உறுதிமொழி எதுவும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களைக் காட்டிய யூஜிசி கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டபின் இதழைத் தேரும் பொறுப்பு நம் கல்லூரிகளிடமே வந்துவிட்டதால், அத்தகைய உறுதிமொழி இருக்கிறதா என்பதைச் சேலத்துத் துறைத்தலைவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிறப்பிதழிலிருந்து கட்டுரையை விலக்கிக்கொண்டோம். பலமுறை எழுதிய பிறகே அலுவலகம் பதில் அளித்தது. ஒரே கட்டுரை இரண்டு இதழ்களில் பரிசீலனையில் இருப்பது நெறிமீறல் என்பதால், விலக்கல் உறுதிக் கடிதம் கைக்கு வந்த பின்னரே வேறோர் இதழுக்கு அனுப்பினோம்.