குபெலிக் ஊர் திரும்பிய கச்சேரி: ஓர் இசைத்தட்டு

ரஃபேல் குபெலிக் 1990 மே மாதம் பிராக் நகரில் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்துனராக நின்று நடத்திய கச்சேரி இது. சுப்ரபோன் வெளியீடு. செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் ‘என் தாய்நாடு’ என்ற இசைக்குழுப் படைப்பு, அதன் ஆறு பகுதிகளும் ஒரே தட்டில்.

நடத்துபவரின் கதை தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1914-ல் பிறந்தவர், வயலின் மேதை யான் குபெலிக்கின் மகன். 1948-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டை விட்டுக் கிளம்பினார். சிகாகோ, லண்டன், அப்புறம் மியூனிக்கில் பவேரிய வானொலி இசைக்குழுவுக்கு 1961 முதல் 1979 வரை தலைமை. ஓபெரா, சிம்பொனி என்று சொந்தமாகவும் எழுதியவர். மூட்டுவலியால் ஓய்வெடுத்திருந்தவர், ஆட்சி மாறியதும் 42 வருடம் கழித்து, 75 வயதில் மறுபடி சொந்த ஊர் மேடை ஏறினார்.

‘வல்டாவா’ நதியைப் பற்றிய பகுதிக்காகவே வாங்கலாம். இரண்டு புல்லாங்குழல் சுழித்துக் கிளம்ப, கிளாரினெட் சேர, வயலின்கள் அந்த மெட்டை எடுக்கும்போது குபெலிக் துளியும் அவசரப்படவில்லை. பாபநாசத்தில் பாறையில் மோதி வரும் தாமிரபரணி சேரன்மாதேவியில் அகன்று நடக்குமே, அந்த நடை. நிலவொளிக் கட்டத்தில் வயலின்கள் அடங்கி ஒலிப்பதை இரவில் கேளுங்கள்.

இதே படைப்பை 1971-ல் பாஸ்டன் இசைக்குழுவோடு அவர் செய்த பதிவில் வாசிப்பு இன்னும் சுத்தம். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

நெல்லைக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இல்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தேன். சின்ன ஸ்பீக்கர் வேண்டாம், நல்ல ஹெட்போன் போதும். இல்லையென்றால் தொடக்கத்து ஹார்ப் ஒலி பாதி காணாமல் போய்விடும்.