அர்ஜுன் 64 கோடி, டி-90 29 கோடி: இந்தக் கணக்கை அப்படியே நம்பலாமா?

டாங்கி வாங்கும் பேச்சு எப்போது எழுந்தாலும் இரண்டு எண்கள் முன்னால் வந்து நிற்கும். 2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அர்ஜுனின் மேம்படுத்திய வடிவமான மார்க்-1ஏ டாங்கிகள் 118-க்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. வகுத்தால் ஒன்று சுமார் 64 கோடி. 2019-இல் 464 டி-90 டாங்கிகளுக்கு ஒப்புதல் கிடைத்தபோது பத்திரிகைகளில் வந்த தொகை ஏறக்குறைய 13,400 கோடி. வகுத்தால் 29 கோடி. "பாதி விலைக்குக் கிடைக்கும்போது எதற்கு அர்ஜுன்?" என்று ஒரு தரப்பு. "நம்ம நாட்டுச் சரக்கு இருக்கும்போது எதற்கு ரஷ்யா?" என்று எதிர்த்தரப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஆவடியில்தான் தயாராகின்றன. ஒரே கனரக வாகனத் தொழிற்சாலை. டி-90 ரஷ்ய வடிவமைப்பு, உரிமம் வாங்கி இங்கே செய்கிறோம். அர்ஜுனை வடிவமைத்ததும் அதே ஆவடியில் இருக்கும், மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகம்தான். ஆனால் அதன் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஆகவே சுதேசியா விதேசியா என்ற சண்டை பாதி உண்மைதான்.

சரி, விலைக்கு வருவோம். சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்களுக்கு இது புரியும். நூறு பத்திரிகை அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அச்சு கோக்கிற செலவு ஒன்றுதான். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பத்திரிகையின் விலை ஏறிவிடும். டி-90க்கு 2001-இல் முதல் ஆர்டரே 310. அப்புறமும் நூற்றுக்கணக்கில் ஆர்டர்கள் வந்தன. அர்ஜுனுக்கு முதலில் 124, இருபது ஆண்டு கழித்து 118. நடுவில் உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாத ஒரு பொருளுக்காக எந்த முதலாளியும் மெஷினைச் சும்மா போட்டுவைக்க மாட்டார். விலை அதிகம் என்பதால் குறைவாக வாங்கினோம், குறைவாக வாங்கியதால் விலை ஏறியது. இந்தச் சுற்றிலிருந்து அர்ஜுன் கடைசிவரை வெளியே வரவில்லை.

டி-90இன் மலிவு விலையிலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. 2001-இல் ஒப்பந்தம் போட்டோம். உரிமத்தின்படி ஆவடியிலேயே செய்த முதல் பத்து டாங்கிகள் வெளியே வந்தது 2009 ஆகஸ்டில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தொழில்நுட்பம் கைமாறுவதில் ஏகப்பட்ட இழுபறி. ராஜஸ்தான் வெயிலில் இரவுப் பார்வைக் கருவி சூடேறிப் பழுதானது இன்னொரு தலைவலி. ரஷ்யக் குளிருக்குப் பிறந்த வண்டியை வாங்கினால் அது தார் பாலைவனத்தில் வியர்க்கத்தானே செய்யும்.

உள்ளே ஏறிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டி-90இல் மூன்று பேர். குண்டை இயந்திரமே நிரப்பிக்கொள்ளும். அந்த 22 குண்டுகளும் வட்டத் தட்டில் அடுக்கப்பட்டு, சுடுபவர், கமாண்டர் இருவரின் காலடியில் கிடக்கின்றன. அதில் தீப்பிடித்தால் மேல் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும். உக்ரைன் போர்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அர்ஜுனில் நான்காவதாக ஒருவர் நின்றுகொண்டு, இருபது கிலோ அளவுள்ள குண்டைக் கையால் தூக்கி 120 மில்லிமீட்டர் பீரங்கியில் திணிக்க வேண்டும். அவருக்கு முதுகு வலிக்கும். ஆனால் இடம் தாராளம், கவசம் கனம். நான் ஏற வேண்டியிருந்தால் யோசிக்காமல் அர்ஜுனில்தான் ஏறுவேன்.

2010 மார்ச்சில் ராஜஸ்தானில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 14 டாங்கிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதுவரை அர்ஜுனை ராணுவம் தள்ளிவைத்துக்கொண்டே வந்திருந்தது. அந்தச் சோதனையில் அர்ஜுன் சளைக்கவில்லை, பல விஷயங்களில் முந்தியது என்றே செய்திகள் வந்தன. அப்போதே ஐந்நூறுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் கதை வேறு. கொடுக்கவில்லை. 72 மாற்றங்கள் சேர்த்து மார்க்-1ஏ உருவாகி, ஆர்டர் கையெழுத்தாக இன்னும் பதினோரு ஆண்டுகள் ஓடின.

அந்தப் பதினோரு ஆண்டுகளில் வண்டி பெருத்துவிட்டது. மார்க்-1 சுமார் 58 டன், மார்க்-1ஏ 68 டன். டி-90 46 டன் சொச்சம். இந்த இருபது டன் சின்ன விஷயமில்லை. பஞ்சாப் எல்லையில் வழி நெடுகக் கால்வாய்கள். ஒவ்வொன்றின் மேலும் பாலம். அந்தப் பாலம் தாங்குமா, ராணுவம் போடும் தற்காலிகப் பாலம் தாங்குமா, ரயில் வேகன் கொள்ளுமா, பழுதானால் இழுத்துவரும் வண்டிக்குச் சக்தி இருக்கிறதா என்று ஒரே எடைக்காக நான்கைந்து செலவுகள் முளைக்கும். அவை 64 கோடியில் சேராது. ராணுவம் அர்ஜுனுக்கு முகம் சுளித்ததில் எனக்கு நியாயமாகப் படுகிற ஒரே காரணம் இதுதான். எஞ்சின் கதை அதைவிட மோசம். பழைய ஜெர்மன் எஞ்சினின் உற்பத்தி நின்றுபோய், அதை மறுபடி தொடங்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நமது சொந்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் மைசூரில் முதல் முறை ஓடிப் பார்த்ததே 2024 மார்ச்சில்தான்.

எனவே இன்றைய நிலையில் புதிதாகப் பணம் ஒதுக்குவதென்றால் இரண்டுக்கும் இல்லை என்பேன். கையில் இருக்கும் டி-90களை நல்ல கருவிகளோடு மேம்படுத்தலாம், 118 அர்ஜுனைப் பாலைவனத்துக்கு முடித்துக் கொடுக்கலாம், அதோடு சரி. புதுப் பணம் இலகுரக டாங்கிக்குப் போகட்டும். 2020-இல் லடாக்கில் பதினாலாயிரம் அடிக்கு மேல் டி-90களை ஏற்றி நிறுத்தினோம். எதிரே சீனா வைத்திருந்தது 33 டன் அளவிலான டைப்-15 என்ற இலகுரக டாங்கி. அந்தச் சூட்டில்தான் சொராவர் என்ற நமது 25 டன் இலகுரக டாங்கி பிறந்தது. அதே ஆவடி ஆய்வகமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்டினார்கள், அதே டிசம்பரில் 4,200 மீட்டர் உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். ராணுவச் சரக்கு விமானமான சி-17இல் டி-90 என்றால் ஒன்று, சொராவர் என்றால் இரண்டு ஏறும்.

சொராவரிலும் எஞ்சின் அமெரிக்கக் கம்மின்ஸ், பீரங்கி பெல்ஜியம். தேவை என்று பேசப்படுவது 354. முதல் தவணையாகச் சொல்லப்படுவது 59. மிச்ச 295-க்கான கையெழுத்து எத்தனை ஆண்டு கழித்து விழுகிறது என்பதைப் பொறுத்து இதன் விலையையும் யாராவது வகுத்துக் காட்டுவார்கள்.