கடம்பாறைத் தண்ணீரா, லித்தியம் பெட்டியா?

மதியம் ஒரு மணிக்குக் கமுதிப் பக்கம் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. இரவு ஏழரைக்கு ஊரே விளக்கும் ஏசியும் போடும்போது அவற்றிலிருந்து ஒன்றும் வராது. அந்த மதிய மின்சாரத்தை இரவு வரை எங்கே வைத்திருப்பது? இன்று உருப்படியான வழிகள் இரண்டு: மலைமேல் ஏற்றி வைத்த தண்ணீர், லித்தியம் பேட்டரி. அழுத்தக் காற்றை உப்புக் குகையில் அடைக்கும் முறை ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு எரிவாயுவும் எரிக்க வேண்டும், அதை விட்டுவிடலாம்.

தண்ணீர் நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மலைக்குள் குடைந்த நிலையம்; 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. மின்சாரம் மீந்தால் இயந்திரம் பம்பாக மாறித் தண்ணீரை மேலே தள்ளும். தேவை வந்தால் அதே தண்ணீர் இறங்கி அதே இயந்திரத்தைச் சுற்றும். அந்தக் காலத்தில் மீதம் என்றால் நள்ளிரவு மின்சாரம். அனல் நிலையத்தை இரவில் அணைத்துவிட்டுக் காலையில் மூட்ட முடியாது. இன்று மீதம் நண்பகலில் வருகிறது. பம்ப் ஓடும் நேரத்தை மாற்றினால் போதும், நிலையம் இன்றைக்கும் பொருந்தும். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் தண்ணீருக்கு இடம் வேண்டும். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் நிறையத் தண்ணீரை 400 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு யூனிட். அதே ஒரு யூனிட்டை ஏழெட்டு கிலோ லித்தியம் பேட்டரி அடக்கிவிடும். அதனால்தான் நீரேற்றுக்கு அணையும் மலையும் தேவை, பேட்டரிக்கு துணை மின் நிலையத்தின் ஓரத்தில் ஒரு காலி மனை போதும். நீலகிரியின் குந்தா நீரேற்றுத் திட்டம் (500 மெகாவாட்) ஏற்கெனவே இருந்த போர்த்திமுந்து, அவலாஞ்சி-எமரால்டு அணைகளை நம்பித்தான் வகுக்கப்பட்டது. அப்படியும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பேட்டரி நிலையத்தை ஒரு வருடத்துக்குள்ளேயே கட்டி முடித்துவிடலாம்.

வேகத்தில் பேட்டரியை அடிக்க ஆளில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய சில நாளிலேயே, பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் ஒரு பெரிய நிலக்கரி இயந்திரம் திடீரென நின்றது. தேவைக்கு மின்சாரம் போதாவிட்டால் மின்தொகுப்பின் அதிர்வெண் சரியும்; அது சரிந்ததைக் கண்டு, வெகுதூரத்தில் இருந்த இந்தப் பேட்டரி நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரம் தந்தது. ஆனால் அப்போது அதன் கொள்ளளவு 129 மெகாவாட்-மணி. 100 மெகாவாட்டில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

நூறு யூனிட் போட்டால் பேட்டரி 85 போலத் திருப்பித் தரும். தண்ணீர் 75 போல. ஆனால் பேட்டரி பத்துப் பதினைந்து வருடத்தில் தளர்ந்துவிடும், வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை புதிதல்ல. அணை அரை நூற்றாண்டு நிற்கும். தீ அபாயமும் உண்டு: 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பேட்டரிக் கூடம் பற்றி எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இப்போது பரவலாக வாங்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் அந்த ஆபத்து குறைவு.

என் கருத்து: அருகருகே இரண்டு அணைகள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நீரேற்று, மற்ற எல்லா இடத்திலும் பேட்டரி. புதிய அணைக்காகச் சோலைக்காட்டை மூழ்கடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

சரி, ஆடிக் காற்றை மார்கழிக்கு எடுத்துப் போவது? இரண்டாலும் முடியாது, இரண்டும் சில மணி நேரத்துக்குத்தான். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும் மாதங்களில் புனல் மின் நிலையங்களைக் குறைத்து ஓட்டினால் அணையில் தண்ணீர் அப்படியே மிஞ்சும், பம்ப்கூட வேண்டாம். பாசனத்துக்குத் திறந்தே ஆக வேண்டிய நாட்களில் மட்டும் இதுவும் கைகொடுக்காது.