கடலூரில் மரம் வெட்ட கிரேன்: வாடகைக் கணக்கு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் 2011 தானே புயலையே தாங்கியது. 2024 ஃபெஞ்சலுக்குப் பிறகு சித்தப்பா வீட்டு ஓட்டுக்கூரைப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை லீவில் போனபோது முதல் வேலை அதுதான்.

மரம் வெட்டும் மேஸ்திரி இரண்டு விலை சொன்னார். ஆள் ஏறி, கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க 24,000 ரூபாய். ஓடு உடைந்தால் அவர் பொறுப்பில்லை. கிரேனை நாங்களே பிடித்துக் கொடுத்தால் கூலி 12,000. இரண்டிலும் கட்டையெல்லாம் அவருக்கு.

சரி, கிரேன் எவ்வளவு? ஊரில் சட்டென்று கிடைப்பது ஹைட்ராதான், அதாவது பாரத்தைத் தூக்கிக்கொண்டே நகரும் சக்கரக் கிரேன். மணிக்கு 1,400 என்றதும் மலிவாகத் தோன்றியது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது: குறைந்தது நான்கு மணி நேரம், ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பிப் போய்ச் சேரும் வரை மீட்டர் ஓடும், பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆபரேட்டருக்கு பேட்டா 500. எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. வாடகை 8,400, வரி 1,512, பேட்டாவோடு 10,412. கூலியையும் சேர்த்தால் 22,412. மிச்சம் 1,588 ரூபாய்தான். ஆனால் சித்தப்பா வீட்டு ஓடு ஒன்றுகூட உடையவில்லை. என் கணக்கில் அதுதான் உண்மையான லாபம்.

வாடகையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, வண்டி எங்கே நிற்கும் என்பது. 14 டன் ஹைட்ரா என்றால் எங்கே வைத்தாலும் 14 டன் தூக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வண்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பாரத்துக்கு. பூமை, அதாவது கிரேனின் கையை, நீட்ட நீட்ட தூக்கும் எடை மளமளவென்று குறையும். பச்சை மரமோ ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன். இரண்டடி விட்டத்தில் பத்தடித் துண்டே முக்கால் டன்னுக்கு மேல் வரும். ஆபரேட்டர் முந்தின நாள் வந்து சந்து வழியைப் பார்த்துவிட்டு, "தெருவுலேருந்து எட்டாது சார், சந்துக்குள்ள விட்டாத்தான் முடியும், துண்டையும் சின்னதா போடச் சொல்லுங்க" என்றார். பார்க்காமலே விலை சொல்கிறவரை நான் கூப்பிட மாட்டேன்.

மீட்டர் ஓடும்போது ஆள் சும்மா நிற்கக் கூடாது. அதனால் மின்சாரத்தை நிறுத்த முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நாள் உறுதியான பிறகுதான் கிரேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். சில்லறைக் கிளைகளை மேஸ்திரி முந்தின நாளே கழித்துவிட்டார்.

நான் இருக்கும் டொராண்டோவில் சொந்த வீட்டு மரமானாலும் 30 சென்டிமீட்டர் விட்டத்தைத் தொட்டுவிட்டால் நகராட்சி அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. கிரேன், ஆள், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே விலையில் வரும், அந்த விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். கடலூரில் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். மேலே ஏறிய பையனுக்கு பெல்ட் மாட்டச் சொன்னது நான்தான், அதற்கும் கொஞ்சம் வாக்குவாதம்.

வேர்க்கட்டை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைப் பிடுங்க ஜேசிபி வேண்டும், ஜேசிபி உள்ளே வர காம்பவுண்டு சுவரை இடிக்க வேண்டும். அந்தச் செலவை அடுத்த லீவுக்குத் தள்ளிவிட்டேன்.